அப்பா இல்லீங்க

எங்கள் கையில் வயலினைக் கொடுப்பதற்கு முன்பே எங்களைப் படம் எடுத்துவிட்டார்கள். கடலூர் முதுநகரில் ஒரு பழைய அரிசி மண்டியின் மாடியில் அந்த வகுப்பு நடந்தது. படம் எடுத்தவர் என்னைச் சுவரோரம் நிறுத்தி, "சிரிக்காத பாப்பா" என்றார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. கேமராவைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்றுதான் தெரியும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"கண்ணு சிரிக்குது மேடம்" என்றார் அவர், பக்கத்தில் நின்றிருந்த அம்மாளிடம்.

"கீழ பாக்கச் சொல்லுங்க."

கீழே பார்த்தேன். க்ளிக் என்றது. அதன் பிறகுதான் வயலினைத் தொட விட்டார்கள்.

வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாக இசை சொல்லித் தருகிற அறக்கட்டளை அது. மேடம்தான் அதை நடத்தினார். சனி, ஞாயிறு வகுப்பு. எங்கள் ஊர் குடிகாட்டிலிருந்து நாங்கள் சிலர், துறைமுகத்துப் பக்கமிருந்து சிலர். சுண்டலும் டீயும் தருவார்கள். சுண்டலுக்காக வந்தவர்கள் இரண்டு மழைக்காலத்தில் கழன்று போனார்கள். நான் நின்றுவிட்டேன். முதன்முதலாக வில்லை இழுத்தபோது வந்தது எங்கள் தெரு அடிபம்பின் சத்தம்தான். ஆனால் அந்தச் சத்தம் என் தாடையெலும்பு வழியாகப் பல்லுக்குள் இறங்கியது. அது எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் எதையும் இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

சொல்லித் தந்தவர் சிதம்பரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருகிற இளைஞர். கல்யாணக் கச்சேரிகளில் வாசிப்பவர். அவரை சார் என்போம். கை நீட்டி அடித்ததே இல்லை, வாயால் அடிப்பார். "ஓசியில வந்தா காதையும் ஊட்டுல வெச்சிட்டு வரணுமா?" என்பார். ஆனால் ஒன்று: வெளியே அவரிடம் காசு கொடுத்துக் கற்கிற பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி, எங்களுக்கு ஒரு மாதிரி என்று அவர் சொல்லித் தரவில்லை. சரளி வரிசையில் ஒரு ஸ்வரம் இறங்கினால் முதலிலிருந்து வாசிக்க வைப்பார். பதினொன்றாம் வகுப்பு முடிகிறபோது நான் வர்ணத்தை இரண்டு காலத்திலும் வாசித்துக்கொண்டிருந்தேன். நன்றாக வந்த சில பிள்ளைகளுக்கு வயலினை வீட்டுக்கே கொடுத்துவிட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று தந்திருந்தார்கள்.

அப்பா சாய கம்பெனியில் காண்டிராக்ட் கூலி. பவுடர் மூட்டை ஏற்றி இறக்குவார். எத்தனை குளித்தாலும் நகக்கண்ணில் மஞ்சள் போகாது. கண்கள் இரண்டும் எந்நேரமும் சிவந்திருக்கும். வகுப்பு முடிகிற நேரத்துக்கு மொபெட்டில் வந்து, மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பார். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். ஒருநாள் மேடம் என்னைத் தனியே கூப்பிட்டு, "அப்பா குடிப்பாராம்மா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். அது கம்பெனி பவுடர்."

"பரவால்லடா, எங்கிட்ட சொல்லலாம்" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அப்பாவுக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. நாங்கள் ஸ்ருதி சேர்க்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டே, "இன்னைக்கு சூப்பரா இருந்துச்சு" என்பார். "அது பாட்டே இல்லப்பா, தந்திய முறுக்குறது" என்பேன். "முறுக்குறதே சூப்பரா இருந்துச்சு" என்பார்.

பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் மேடமும் வீடியோ எடுக்கிற ஒருவரும் காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்களுடையது அரசாங்கத் திட்டத்தில் கட்டிய கான்கிரீட் வீடு, சிறியது. அம்மா அதற்கு அந்தப் பொங்கலுக்குத்தான் ரோஸ் கலர் அடித்திருந்தாள். வீடியோக்காரர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பின்பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் ஆடு கட்டுவதற்காக விட்டுவைத்திருந்த இடிந்த குடிசை இருந்தது. அதன் வாசலில் என்னை உட்கார வைத்தார்கள்.

"அம்மா எங்கடா?" என்று மேடம் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"எறா உரிக்க போயிருக்காங்க மேடம்."

"அப்பா?"

"அப்பா இல்லீங்க. காலைல ஷிஃப்டு."

எங்கள் ஊரில் வாசலில் நின்று யார் அப்பாவைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வோம். கூரியர்காரரிடம், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரிடம், எல்லாரிடமும். நான் சொல்லி முடித்ததும், ஆட்டுப் புழுக்கையில் உட்கார்ந்துவிட்டோமோ என்று குனிந்து பாவாடையைப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது.

அந்த வருஷ ஆண்டு விழாவைச் சிதம்பரத்தில், மேல வீதிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார், இசைக் கல்லூரியில் ஒரு பிள்ளையைத் தன் செலவில் படிக்க வைக்கப் போகிறார் என்று சொல்லியிருந்தார்கள். அது நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும். மற்ற பிள்ளைகள் பொறாமைகூடப் படவில்லை. எனக்குத்தான் வாசிப்பு அப்படி வந்தது.

அப்பா புதுச் சுடிதார் எடுத்துத் தந்தார். மயில்கழுத்து நிறம், கழுத்தில் ஜரிகை வேலை. "மேடையில லைட்டு அடிச்சா இதுதான் எடுக்கும்னு கடைக்காரன் சொன்னான்" என்றார். அதைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினேன். மண்டபத்தின் பின்னறையில் மேடம் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னடா இது? கல்யாணத்துக்கா வந்திருக்க?"

"அப்பா எடுத்துக் குடுத்தது மேடம்."

"ஸ்கூல் யூனிஃபார்ம் கொண்டாரச் சொன்னேனே?"

எல்லாரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்தான். குழுவாக வாசிக்கும்போது போட்டுக்கொள்ள என்று நினைத்திருந்தேன். மாற்றிக்கொண்டேன். தலையில் வைத்திருந்த பூவை மேடமே எடுத்தார். "எண்ணெய் ஜாஸ்தியா வெச்சிருக்க" என்று சொல்லி, கையாலேயே நெற்றி முடியைக் கொஞ்சம் கலைத்துவிட்டார். என்னைவிடச் சின்னப் பெண்ணொருத்தி கண்ணுக்கு மை போட்டிருந்தாள். அதையும் துடைக்கச் சொன்னார்.

நான் மேடையில் உட்கார்ந்து, வயலினைக் கணுக்காலில் சாய்த்து, வில்லைக் கையில் எடுத்த பிறகு விளக்கை அணைத்தார்கள். பின்னாலிருந்த திரையில் வீடியோ ஓடியது. திரும்பிப் பார்த்தேன். இடிந்த குடிசை. அதன் வாசலில் நான். மேடத்தின் குரல் மென்மையாக, "அப்பா?" என்றது.

"அப்பா இல்லீங்க" என்றேன் திரையில். உடனே தலையைக் குனிந்துகொண்டேன்.

அங்கே வெட்டிவிட்டார்கள். திரை கறுத்தது. குடியால் தகப்பனை இழந்த ஒரு குழந்தை, அந்தத் துயரத்தை இசையாக மாற்றிக்கொண்டாள் என்று நிகழ்ச்சி தொகுத்த பெண் படித்தார். இருட்டில் நூற்றுக்கணக்கான நாக்குகள் "த்ச்சு" கொட்டின. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. பிறகு என்மேல் விளக்கு விழுந்தது.

பக்கத்தில் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருந்தவர் தாளம் போடக் காத்திருந்தார். சார் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்று கையால் 'வாசி' என்று காட்டினார். நான் வில்லை வைத்தேன். கைகள் தாமாகவே வாசித்தன. முதல் காலம் முடிகிறபோது கண்ணுக்கு இருட்டு பழகிவிட்டது. நடைபாதையோரம், கடைசிக்கு இரண்டு வரிசை முன்னால், வெள்ளைச் சட்டையில் அப்பா உட்கார்ந்திருந்தார். வருவதாக என்னிடம் சொல்லவே இல்லை. யாரிடமோ ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, பஸ் பிடித்து வந்திருந்தார். மடியில் ஒரு பை.

நான் நிறுத்தவில்லை. இரண்டாம் காலத்தில் ஒரு இடம்கூடப் பிசகவில்லை. அதுவரை நான் வாசித்ததிலேயே அதுதான் நல்ல வாசிப்பு என்று சார் பிறகு சொன்னார். அந்தக் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அப்பாவும் தட்டினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பெரியவர் பின்னறைக்கு வந்தார். நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பாவும் நான் பால்வாடி போற வயசுல போயிட்டாரும்மா. எனக்குத் தெரியும் அது" என்றார். அவர் கை என் தலைமேல் இருந்தபோதே அப்பா கதவருகில் வந்து நின்றார். நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்று பன்னும் வாழைப்பழமும் வாங்கி வந்திருந்தார்.

"இவரு?" என்று பெரியவர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் முந்திக்கொண்டார். "மாமா சார். அம்மாவோட தம்பி. இவருதான் பாத்துக்கறாரு." சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். மாடிப்படியில் அவரை அத்தனை வருஷம் பார்த்த மேடம்.

அப்பா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த வயலினைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார். "மாமாதான்."

பெரியவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் இனிமே அப்பா ஸ்தானத்துல இருந்து பாத்துக்கணும். படிப்ப நான் பாத்துக்கறேன். பொண்ண நீங்க பாத்துக்குங்க."

"பாத்துக்குறேங்க" என்றார் அப்பா.

பையை என்னிடம் தந்துவிட்டு வெளியே போனார். எல்லாப் பிள்ளைகளும் வேனில்தான் திரும்ப வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டதால் நான் வேனில் வந்தேன். பு.முட்லூர் தாண்டும்போது எங்கள் வேன் கடலூர் போகிற பஸ் ஒன்றை முந்தியது. அதில் அப்பா இருந்தாரா என்று எட்டிப் பார்த்தேன். கூட்டத்தில் தெரியவில்லை. வேனில் மேடத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எங்கப்பா செத்துட்டாருன்னு ஏன் மேடம் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க எங்கடா சொன்னோம்? நீதானே சொன்ன? வீடியோவுல இருக்கே" என்றார். குரலில் கோபமே இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க. காலேஜ்ல சேந்துட்டா அப்புறம் யாரு கேக்கப் போறாங்க."

அப்பா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. "சூப்பரா வாசிச்சா" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். நானும் சொல்லத் துணியவில்லை. ஆனால் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. முதலில் டீக்கடைக்குத்தான் வந்தது. அப்பாவின் கூட்டாளிகள் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகூப்பினார்களாம். "என்னா மச்சான், காரியம் எப்போ? சொல்லவே இல்ல?" "பதனாறாம் நாள் சோறு எங்களுக்கு உண்டா, இல்ல ஒறமொறைக்கு மட்டுமா?" ஒருவர் கடையில் தொங்கிய சாமந்திச் சரத்தை எடுத்து அவர் கழுத்தில் போட்டுவிட்டார். அப்பாவும் சிரித்தார் என்று சொன்னார்கள். பல நாள் அது நடந்தது. அவர் டீக்கடையை மாற்றவும் இல்லை.

அம்மாவுக்கு இறால் கொட்டகையில் தெரிந்தது. அங்கே ஒருத்தி, உரித்துக்கொண்டே தலையைத் தூக்காமல், "புருசன் போயிட்டானாமே, நீ இன்னும் பொட்டோட வர்ற?" என்று கேட்டிருக்கிறாள். விளையாட்டுக்குத்தான். அம்மா பாதி வேலையில் எழுந்து வந்துவிட்டாள். கையில் இறால் நாற்றத்தோடேயே அப்பாவின் சட்டையைப் பிடித்தாள்.

"மாமான்னு சொன்னியா நீ?"

"படிப்பு தராங்கடி. சும்மாவா தருவாங்க? அஞ்சு நிமிசம் வாயில சொன்னா நெசமா செத்துடுவனா?"

"நீ செத்துட்டுப் போ. நீ செத்தா நான் யாரு? அத நெனச்சியா?"

அப்பா அதை நினைத்திருக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

பெரியவர் கல்லூரிப் பணத்தைக் கட்டுவதற்கு முன் வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும், அம்மாவிடம் பேச வேண்டும் என்று சொன்னார். அவர் வருவதற்கு முன்னால் மேடம் தனிக் காரில் வந்து இறங்கினார். அப்பா அவரைப் பார்த்ததுமே, யாரும் சொல்லாமலே, சட்டையை மாட்டிக்கொண்டு சாலைக்கு எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய்விட்டார். அவருடைய லுங்கி, செருப்பு, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் மேடம் உள்ளே வைக்கச் சொன்னார். நானே எடுத்து வைத்தேன். குடிசையைக் கேட்டால், இப்போதுதான் இந்த வீடு கிடைத்தது என்று சொல்லச் சொன்னார். பிறகு அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, தப்பா நெனக்காதீங்க. ஒரு பத்து நிமிஷம். பொட்ட மட்டும் அழிச்சிருங்க. தாலிய உள்ள விட்டுக்கிட்டா போதும், கழட்ட வேணாம். ஒரு வெளிர் சேலை இருந்தா கட்டிக்குங்க. பொண்ணோட வாழ்க்கை இது."

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாலையில் பெரியவரின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டபோதுதான் கதவு திறந்தது. அம்மா முகமெல்லாம் மஞ்சள் பூசியிருந்தாள். நெற்றியில் பழைய ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமம். கல்யாணத்தன்று கட்டிய சிவப்புக் கூரைச் சேலை. தாலிக்கயிற்றை வெளியே எடுத்துச் சேலையின் மேல் போட்டிருந்தாள். வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

மேடத்தின் வாய் திறந்தபடியே நின்றது. பெரியவர் கேட்டைத் தாண்டி வந்து, அம்மாவைப் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோமோ என்பதுபோல் பின்வாங்கினார்.

"வாங்க" என்றாள் அம்மா. "நாந்தான் இவ அம்மா. எம் புருசன் அதோ, எதுத்த கடையில ஒக்காந்திருக்காரு. கூப்புடட்டுங்களா?"

பெரியவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். மேடம் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "எங்களுக்கே இப்பதான் சார் தெரியுது. எங்களையே ஏமாத்திட்டாங்க. இந்தப் பொண்ணு அது வாயாலயே சொன்னது வீடியோவுல இருக்கு, நீங்களே பாத்தீங்க."

"நான் அப்பா வீட்டுல இல்லன்னுதான் சார் சொன்னேன்" என்றேன். "ஷிஃப்டுன்னு சொன்னேன். வெட்டிட்டாங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். மண்டபத்தில் பார்த்த கண் இல்லை அது. "நான் அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கல தெரியுமாம்மா" என்றார். "உயிரோட இருக்கற அப்பாவ சாகடிச்சுப் படிக்கணுமா? அப்படி ஒரு சங்கீதம் வருமா உனக்கு?"

அப்போது எதிர்க்கடையிலிருந்து அப்பா சாலையைக் கடந்து ஓடிவந்தார். சிதம்பரம் போகிற பஸ் ஒன்று அவருக்காகப் பிரேக் போட்டு, டிரைவர் திட்டிவிட்டுப் போனார். இங்கே என்ன பேச்சு நடந்தது என்று அவருக்குத் தெரியாது. பெரியவரின் முகம் சரியில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது. மூச்சு வாங்க வந்து நின்று, கைகூப்பி, "சார், நான் மாமாதான் சார். சத்தியமா மாமாதான்" என்றார்.

அம்மா வாசற்படியில், மஞ்சள் முகத்தோடு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் தலையை ஆட்டிவிட்டுக் காருக்குப் போனார். அப்பா இரண்டு எட்டு பின்னால் போய், "சார், நல்லா வாசிக்கும் சார்" என்றார். கார் கிளம்பிவிட்டது.

மேடம் அதன் பின்னும் நின்றார். "வயலின கொண்டா" என்றார் என்னிடம். அது அறக்கட்டளையின் சொத்து. நியாயம்தான். நான் உள்ளே போய், தந்திகளைத் துணியால் துடைத்து, வில்லின் முடியைத் தளர்த்தி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். டிரைவர் அதை வாங்கி டிக்கியில் படுக்க வைத்தார். "மெதுவா வைங்க" என்றேன். மேடம் காரில் ஏறும்போது, "எவ்ளோ செஞ்சோம் உனக்கு" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பு இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

வகுப்புக்கு நான் போகவில்லை. கூடக் கற்ற பிள்ளைகளில் யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் வயலினும் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. கடலூர் அரசுக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். ஒருமுறை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சாரைப் பார்த்தேன். கச்சேரிக்குப் போகிற அவசரத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமில்ல சார், எங்கப்பா இருக்காருன்னு?"

"தெரியாம என்ன. வாராவாரம் படியிலதானே ஒக்காந்திருப்பாரு."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்."

எண்ணெய்க் கையைச் செய்தித்தாளில் துடைத்தார். "சொன்னா எனக்கு அங்க சோறு இல்ல" என்றார். பிறகு, "வாசிக்கிறியா?" என்று கேட்டார்.

"வயலினே இல்ல சார்."

"விட்டுட்டா ஒரு வருஷத்துல வெரல் போயிடும்" என்றார், ஸ்வரம் இறங்கியதைத் திருத்துகிற அதே குரலில். அவருடைய பஸ் வந்துவிட்டது. விரல் போய்த்தான் விட்டது. ஒரு தோழியின் வீட்டில் அவள் தம்பியின் வயலினை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். முதல் இழுப்பிலேயே கீழே வைத்துவிட்டேன்.

இப்போது சிதம்பரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். அந்த வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஆண்டு விழாவுக்கு முன் அதைத் திரும்பப் போடுகிறார்கள். பில்லுக்கு நின்ற ஒரு அம்மாள் என் முகத்தை உற்றுப் பார்த்து, "அப்பா இல்லாத பொண்ணு நீதானேம்மா?" என்று கன்னத்தைத் தடவினாள். நான் மேடத்துக்குப் போன் போட்டு அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். "உன் முகத்தால எத்தன புள்ளைங்க கத்துக்குதுன்னு தெரியுமா?" என்றார் மேடம். "அத நெனச்சு சந்தோஷப்படு." பிள்ளைகள் கற்கிறார்கள்தான். மண்டி மாடியில் இப்போது கீபோர்டு வகுப்பும் இருக்கிறதாம்.

அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோறு போடுவாள். தட்டை வைத்துவிட்டு, என்னிடம் சொல்வதுபோல், "செத்தவங்களுக்குப் படைக்கிறது காக்கா எடுத்துட்டா போதும், நமக்கு என்னா" என்பாள். அப்பா கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். "ஏம்ப்பா ரெண்டாந்தடவையும் அப்படிச் சொன்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "வேற என்னா சொல்றதுன்னு தெரியலம்மா" என்றார்.

போன ஆவணியில் காட்டுமன்னார்கோயிலில் அம்மாவின் பெரியப்பா வழிப் பேத்திக்குக் கல்யாணம். மூவரும் போனோம். காலையில் நலுங்கு வைக்கச் சுமங்கலிகளைக் கூப்பிட்டார்கள். மணப்பெண்ணின் அத்தை வரிசையாக ஒவ்வொருத்தியாகத் தொட்டு எழுப்பிக்கொண்டே வந்தாள். அம்மாவின் முன்னால் வந்ததும் கை நின்றது. அம்மா எழுவதற்காகக் கையை ஊன்றியிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதக்கா" என்றாள் அத்தை, குரலைத் தாழ்த்தி. "எல்லாரும் பாத்துட்டாங்க அத. மேடையில வெச்சு சொன்ன சொல்லு. நல்ல காரியம் பாரு." அவள் கை அடுத்தவளைத் தொட்டது.

அம்மா ஊன்றிய கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். நான் எழுந்து போய், பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். நேராக மைக் செட்காரரிடம் போனார். பாட்டை நிறுத்தச் சொல்லி மைக்கைக் கையில் வாங்கினார். என் அப்பா மைக்கில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"நான் உசுரோடதாங்க இருக்கேன்" என்றார். மண்டபம் முழுக்க அது கேட்டது. "எம் பொண்டாட்டியக் கூப்புடுங்க."

பந்தி நடக்கிற பக்கம் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். "மாமா, நம்பிட்டோம் மாமா!" என்று ஒரு இளவட்டம் கத்தினான். மைக் செட்காரர் சிரித்துக்கொண்டே மைக்கை அவர் கையிலிருந்து இழுத்துப் பாட்டைப் போட்டுவிட்டார். அப்பா வெறுங்கையோடு அங்கேயே நின்றார். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அம்மா எழுந்து கூட்டத்தின் நடுவே போனாள். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாய்யா, போவலாம்" என்றாள்.

சாப்பிடாமல் கிளம்பினோம். சிதம்பரம் டவுன் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மூவரும் நின்றுகொண்டே வந்தோம்.